நாலு விரல் அகலம்

மேட்டுத் தெரு,
திருத்தணி.
20-1-74

அன்புள்ள பாவாவுக்கு ரஞ்சிதம் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் நைனாவும் நலம். நைனா நலம் என்று எழுதுவது பழக்கதோஷம். பக்கவாதம் வந்த வலது கையும் காலும் அப்படியேதான் இருக்கின்றன. பேச்சு மட்டும் முன்னைக்குத் தேவலை. பாதி தெலுங்கு, பாதி தமிழ், மீதி நானாகப் புரிந்துகொள்வது. பொங்கலுக்கு நீங்கள் வருவீர்கள் என்று நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வரவில்லை என்றதும், "நாக்பூர்ல லீவு குடுக்கமாட்டானுங்கம்மா, அவர் இன்னா பண்ணுவாரு" என்று எனக்கே சமாதானம் சொன்னார். மாப்பிள்ளைக்கு மாமனார் வக்கீல். எனக்குத்தான் யாருமில்லை.

சரி, சண்டைக்கு எழுதவில்லை. ஒரு காரியமாக எழுதுகிறேன். ஏழாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிற டீச்சர் பிரசவத்துக்குப் போய்விட்டாள். கணக்கு டீச்சரான என் தலையில் அந்த வகுப்பைக் கட்டிவிட்டார்கள். பாடத்தில் ஒரு ஆள் மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வருகிறான். 'தி டோர் வாஸ் அஜார்' என்று இருக்கிறது. நோட்ஸ் புத்தகத்தில் 'சற்றே திறந்த' என்று போட்டிருந்தான், அதையே போர்டில் எழுதினேன். உடனே சுலோச்சனா என்று ஒரு குட்டி எழுந்து, "டீச்சர், எத்தினி தொறந்தா அஜாரு?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தானே? சற்றே என்றால் எவ்வளவு? அதை நாளைக்குச் சொல்கிறேன் என்று உட்காரவைத்துவிட்டு வந்தேன். நாலு நாளாக அவள் கண்ணில் படாமல் நடந்துகொண்டிருக்கிறேன்.

இந்த வீட்டில் ஒரு டிக்‌ஷனரி இருந்தது. அதையும் நீங்கள் கொண்டுபோய்விட்டீர்கள். பெண்டாட்டியை விட்டுவிட்டு டிக்‌ஷனரியைத் தூக்கிக்கொண்டு போன ஆம்பிளை இந்த ஜில்லாவிலேயே நீங்கள் ஒருத்தர்தான். பார்த்து எழுதுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். அந்த ஊர்க் குளிரில் காதைக் கட்டிக்கொள்ள வெட்கப்பட வேண்டாம், அங்கே உங்களை யார் பார்க்கிறார்கள்.

தங்கள்
ரஞ்சிதம்


நாக்பூர்,
29-1-74

அன்பு ரஞ்சிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. டிக்‌ஷனரி விஷயத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பரிகாரமாக ரயில்வே இன்ஸ்டிட்யூட் லைப்ரரியில் தலையணை தடிக்கு இருக்கும் பெரிய டிக்‌ஷனரியையும் பார்த்துவிட்டு வந்தேன்.

அஜார் என்றால் லேசாகத் திறந்திருப்பது. கதவு, ஜன்னல், கேட் இவற்றுக்குத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். வாய்க்கும் புத்தகத்துக்கும் சொல்லக் கூடாது. 'தி டோர் ஈஸ் அஜார்' என்று எழுதலாம். 'ஹி லெஃப்ட் தி டோர் அஜார்' என்றும் எழுதலாம். 'அன் அஜார் டோர்' என்று உன் பிள்ளைகள் எழுதினால் மார்க் போடாதே. அந்தச் சொல் கதவுக்குப் பின்னால்தான் வரும், முன்னால் வந்து நிற்காது. என் பெண்டாட்டிக்கு நேர்மாறான சொல். அகலத் திறந்திருந்தால் அஜார் ஆகாது. பாதிக்குப் பாதி திறந்திருந்தாலும் ஆகாது. தமிழில் கேட்டால் 'ஒருக்களித்திருந்தது' என்று சொல், சரியாக இருக்கும்.

பழைய இங்கிலீஷில் திரும்புதல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து இது வந்ததாம். கதவு கீலில் கொஞ்சம் திரும்பி நிற்கிறது, அவ்வளவுதான். மூடுவதற்குத் திரும்பியதா, திறப்பதற்குத் திரும்பியதா என்று அந்தச் சொல் சொல்வதில்லை. எத்தனை அங்குலம் என்றும் எந்த டிக்‌ஷனரியிலும் இல்லை. சுலோச்சனாவைக் கேட்டதாகச் சொல்.

இனி என் காரியம். எனக்கு குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. இரண்டு அறை, சமையலறை, பின்னால் கொஞ்சம் இடம், ஒரு வேப்பமரம். பக்கத்திலேயே தமிழ் ஆட்கள் பத்துக் குடும்பம் இருக்கிறார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றும் இருக்கிறது, அங்கே கணக்கு டீச்சர் இல்லையென்று தேடுகிறார்கள். இரண்டு வருஷமாக ஹோட்டல் சாப்பாடு ரஞ்சி. மாமாவை உன் அக்கா வள்ளிநாயகி வீட்டில் விட்டுவிட்டு நீ வர முடியுமா? கே.ஜி.கண்டிகை ஒன்றும் தூரமில்லை. யோசித்துப் பதில் எழுது.

உன்
பரந்தாமன்


திருத்தணி,
10-2-74

அன்புள்ள பாவாவுக்கு,

உங்கள் அஜார் எங்கள் பள்ளிக்கூடத்தையே ஆட்டிவைத்துவிட்டது. கேளுங்கள்.

டிக்‌ஷனரிக்காரனுக்கு அளவு தெரியாவிட்டால் போகிறது, கணக்கு டீச்சருக்குத் தெரியும் என்று வகுப்புக் கதவிலேயே அளந்து காட்டினேன். ஒரு விரல் நுழைந்தால் அது சாத்தின கதவு. இரண்டு விரலுக்கு ஒரு பல்லி வரும். நாலு விரல் அகலம் திறந்திருந்தால் அதுதான் அஜார். கை நுழையும், ஆள் நுழைய முடியாது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. சுலோச்சனா கதவைப் பிடித்துக்கொண்டு நாலு விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஹெட்மிஸ்ட்ரஸ் வெளியிலிருந்து வேகமாகத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். சுலோச்சனா மூக்கில் நல்ல இடி. நாற்பத்திரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில், "தி டோர் ஈஸ் நாட் அஜார்!" என்று கத்தினார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னை முறைத்து, "கணக்கு எடுக்கறவங்ககிட்ட இங்கிலீஷ குடுத்தா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னேன். சிரிப்பு ஒரு பக்கம்தான் வருகிறது அவருக்கு. சிரித்துவிட்டு, "தலுப்பு ஓரகா வெய்யம்மா அப்டின்னு எங்கம்மா சொல்லும், அதானே?" என்றார். அதேதான் நைனா என்றேன். பள்ளிப்பட்டில் தறி போட்டிருந்த காலத்தில் அப்படி ஒருக்களித்து வைத்தால்தான் பாவு நூல் காற்றில் அறாதாம். அரை மணி நேரம் பேசினார். இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டு ஒரு வருஷம் ஆகிறது. ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு இவ்வளவு சக்தி உண்டென்று தெரிந்திருந்தால் தினம் ஒன்று கேட்டிருப்பேன்.

தபால்காரர் ஆதிகேசவன் உங்களை விசாரித்தார். உங்கள் கையெழுத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்து, தெருமுனையிலேயே மணியடித்துக்கொண்டு வருகிறார். வேப்பமரம் இருப்பது நல்லது, நிழல் இருக்கும்.

தங்கள்
ரஞ்சிதம்


நாக்பூர்,
3-3-74

ரஞ்சிக்கு,

நான் கேட்டது ஒரு கேள்வி. நீ கதவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். படித்துச் சிரித்தேன். சிரித்து முடித்து மறுபடி படித்துப் பார்த்தேன். என் கேள்விக்குப் பதிலாக 'வேப்பமரம் இருப்பது நல்லது' என்று மட்டும் இருந்தது.

நாம் கல்யாணம் பண்ணிக்கொண்டு நாலு வருஷம் ஆகிறது. அதில் ஒரே கூரையின் கீழ் இருந்தது ஒன்றரை வருஷம். இங்கே எல்லோரும் குடும்பத்தைப் பற்றி விசாரிக்கும்போது, வந்துவிடுவாள், அடுத்த மாதம் வந்துவிடுவாள் என்று சொல்லிச் சொல்லி எனக்கே வாய் கூசுகிறது. நீ சொன்ன நாலு விரல் கதவுக்கு முன்னால்தான் நான் நிற்கிறேன் ரஞ்சி. சாத்தியிருந்தால் ஒருவன் தட்டுவான், இல்லாவிட்டால் போய்விடுவான். திறந்திருந்தால் உள்ளே வருவான். நான் எதைச் செய்ய வேண்டும்? வருவாயா மாட்டாயா, அதை மட்டும் எழுது. மாமாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாம். மகள் ஒருத்திதான் பார்க்க வேண்டுமென்று சட்டமா?

பரந்தாமன்


திருத்தணி,
12-3-74

பாவாவுக்கு,

கோபமாகத்தான் எழுதுகிறேன். கிழித்துப் போட்டுவிட்டு நல்லதாக எழுதலாம் என்று ஒரு நாள் வைத்துப் பார்த்தேன், முடியவில்லை.

வரமாட்டேன். நைனா இருக்கிற வரைக்கும் வரமாட்டேன். வள்ளி அக்கா வீட்டில் மாமியார் ஒருத்தி, மூன்று பிள்ளைகள், கழனி வேலை. அங்கே இவரைக் கொண்டுபோய்ப் போட்டால் ஒரு மாதத்தில் முதுகு புண்ணாகிவிடும். ஆள் வைக்கலாம் என்கிறீர்கள். அவருக்கு மலம் மூத்திரம் எடுக்கிறேன் பாவா. பெற்ற மகள் எடுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்கிறார். கூலிக்கு வருகிறவள் எடுத்தால் அன்றைக்கே செத்துப்போவார்.

உங்களுக்கு என்மேல் ஆசை இருக்கிறது, எனக்குத் தெரியும். எனக்கும் இருக்கிறது, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். ஆனால் நீங்கள் அங்கே உட்கார்ந்துகொண்டு எப்போது வருவாய், எப்போது வருவாய் என்று கேட்கும்போதெல்லாம், நைனா எப்போது போவார் என்று கேட்பதாகவே என் காதில் விழுகிறது. நீங்கள் அப்படி நினைக்கவில்லை. எனக்கு அப்படி விழுகிறது. என் தகப்பனுக்கு நாள் எண்ணுகிறவராக நீங்கள் இந்த வீட்டுப்படி ஏற வேண்டாம். நானாகக் கூப்பிடுகிறேன். கூப்பிடும்போது வாருங்கள், அது போதும்.

ரஞ்சிதம்


தந்தி
திருத்தணி, 14-5-74

நைனா இன்று காலமானார். உடனே வரவும். ரஞ்சிதம்.


நாக்பூர்,
31-5-74

என் ரஞ்சிக்கு,

உன் தந்தி நேற்று மாலைதான் என் கைக்கு வந்தது. பதினாறு நாள் பழைய தந்தி.

ரயில்வே ஸ்டிரைக் நடந்ததை நீ பேப்பரில் பார்த்திருப்பாய். ஆரம்பிப்பதற்கு முதல் நாளே எங்கள் ஆபீசில் பதினோரு பேரைப் பிடித்துக்கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டார்கள். நானும் அதில் ஒருவன். சங்கத்துக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான் நான் செய்தது. நேற்றுத்தான் விட்டார்கள். குவார்ட்டர்ஸுக்கு வந்து கதவைத் திறந்தால் தரையில் தந்தி கிடந்தது. நீ கூப்பிடுகிறேன் என்றாய், கூப்பிட்டாய். நான் வரவில்லை. இதை எப்படிச் சொன்னாலும் சாக்குப் போலத்தான் இருக்கிறது.

மாமாவுக்கு ஒரு பிடி அரிசி போட நான் இல்லை. என்னை 'பாபு' என்று கூப்பிட்ட ஒரே மனுஷர் அவர். உனக்கு எப்படி இருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இன்றைக்கே ரயிலேறி வந்திருப்பேன். எந்த முகத்தோடு அந்தப் படி ஏறுவது? உன் வார்த்தை ஒன்று வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. அரக்கோணத்தில் ஒருவர் நாக்பூருக்கு வர விரும்புகிறார். அவர் இங்கே, நான் அங்கே, இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால் மாற்றிப் போட்டுவிடுவார்கள். ஜூன் முப்பதுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். வா என்று நீ ஒரு கார்டு போட்டால் போதும். உன் வேலையை விட வேண்டாம், வீட்டை விட வேண்டாம், நான் வந்துவிடுகிறேன். முதலிலேயே இதைச் செய்திருக்க வேண்டும். உன்னை வா வா என்றேனே தவிர, நான் வருகிறேன் என்று ஒரு தடவைகூட எழுதவில்லை. ஜெயிலில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

உன்
பரந்தாமன்


நாக்பூர்,
24-6-74

ரஞ்சிக்கு,

என் கடிதம் உனக்குக் கிடைத்து இருபது நாள் ஆகியிருக்கும். பதில் இல்லை. பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதலாமா என்று பார்த்தேன். டீச்சர்களுக்கு வரும் கடிதங்களை ஹெட்மிஸ்ட்ரஸ் பிரித்துப் பார்ப்பார் என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. நம் கஷ்டம் அவர் மேஜையில் கிடக்க வேண்டாம்.

முப்பதாம் தேதி வரை பார்ப்பேன். உன்னிடமிருந்து ஒரு வரியும் வராவிட்டால், செத்ததற்கு வராதவனுக்கு உன் வீட்டில் இடமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அது நியாயம்தான். அதன் பிறகு உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

பரந்தாமன்


பள்ளிப்பட்டு,
8-9-74

திரு. பரந்தாமன் அவர்களுக்கு,

நம் ஜாதி வழக்கப்படி, பள்ளிப்பட்டில் பெரியவர்கள் ஐந்து பேர் முன்னிலையில், என் சம்மதத்தின் பேரில் திருமாங்கல்யத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். அது இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்பப்படுகிறது. தங்களுக்கு ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் பெரியவர்களுக்குத் தெரிவிக்கவும். இல்லையேல் இத்துடன் தீர்ந்தது.

அக்கா புருஷர் கங்காதரன் சொல்ல எழுதியது. வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

வீ. ரஞ்சிதம்


நாக்பூர்,
17-9-74

பார்சல் கிடைத்தது. ஆட்சேபணை இல்லை.

பரந்தாமன்


மேட்டுத் தெரு,
திருத்தணி.
15-11-74

பாவா,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உங்கள் இரண்டு கடிதமும் இன்று காலைதான் எனக்குக் கிடைத்தன. மே மாதம் எழுதினதும் ஜூன் மாதம் எழுதினதும். இன்று காலைதான் பாவா. சத்தியம்.

நைனா போனது அவிட்ட நட்சத்திரத்தில். அப்படிப் போனால் ஆறு மாதம் வீட்டை அடைத்துவிட்டு எல்லோரும் வெளியேற வேண்டும், உள்ளே யாரும் கால் வைக்கக் கூடாது, எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததா? ஆனால் எந்த நட்சத்திரத்தில் போனார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும். தந்தியில் நட்சத்திரமா போடுவார்கள்? பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மே முப்பதாம் தேதி வீட்டைப் பூட்டிக்கொண்டு வள்ளி அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். அங்கிருந்துதான் தினமும் பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். நீங்கள் கடிதம் எழுதியது அதற்கு மறுநாள். ஒரே ஒரு நாள்.

வாசற்கதவின் உள்தாழ்ப்பாள் உடைந்து வருஷக்கணக்காகிறது. வெளியில் வளையங்களில் சங்கிலி கோத்துத்தான் பூட்டுப் போட்டோம். சங்கிலி நீளம், கதவு சரியாகச் சேராது. நாலு விரல் அகலம் திறந்தே இருக்கும். அஜார். நான் பிள்ளைகளுக்கு அளந்து காட்டினேனே, கை நுழையும், ஆள் நுழைய முடியாது என்று. அந்தச் சந்துக்குள்தான் கடிதத்தைப் போட்டிருக்கிறார்கள். ஆதிகேசவன் இருந்திருந்தால் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்து கொடுத்திருப்பார். அவர் மே மாதத்தோடு ரிட்டையர், எனக்கு அது இன்றுதான் தெரிந்தது, ஏதாவது வந்தால் அவர் கொண்டுவருவார் என்றே இருந்துவிட்டேன். புதிதாக வந்தவருக்கு என்ன தெரியும், விலாசத்தில் இருந்த வீட்டில் போட்டார், அவர்மேல் தப்பில்லை. போஸ்டாபீசில் விலாசம் மாற்றி எழுதிக்கொடு என்று அக்கா சொன்னாள். 'எனக்கு யார் எழுதப்போறாங்க' என்று நான்தான் எழுதிக்கொடுக்கவில்லை. பாவி நான்தான்.

தினமும் அந்தத் தெருமுனை வழியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அடைப்பு வீட்டைத் திரும்பிப் பார்க்கக் கூடாதென்று தலையைக் குனிந்துகொண்டு போனேன். நீங்கள் ஜெயிலில் இருந்தது எனக்குத் தெரியாது. ரயில் ஓடாதது தெரியும். ஓட ஆரம்பித்த பிறகும் வரவில்லையே, ஒரு கார்டுகூட இல்லையே என்று வயிறெரிந்தேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் உங்களைப் போலவே ஒருத்தர் காவடி எடுத்துக்கொண்டு போனார். மலைப்படி பாதி வரைக்கும் அந்த முதுகுக்குப் பின்னாலேயே ஏறினேன். திரும்பினார், வேறு யாரோ. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கங்காதரன் மாமா, "ஒரு வரி எழுதாதவனுக்கா இன்னும் காத்துக்கினு கீறே? ரோஷம் இல்லியா உனுக்கு?" என்று கேட்டார். எனக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வருமே. பெரியவர்களைக் கூட்டுங்கள் என்றேன். கழற்றிக் கொடுக்கும்போதுகூட, இதைப் பார்த்தாவது ஓடிவருவார், வந்து நாலு திட்டுத் திட்டுவார் என்றுதான் இருந்தேன். பள்ளிப்பட்டுப் பெரியவர்கள் விலாசத்துக்கு 'ஆட்சேபணை இல்லை' என்று வந்தது. அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஜுரத்தில் கிடந்தேன்.

நீங்கள் என்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள், நான் உங்களை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். கடிதம் இரண்டும் இங்கே தரையில் கிடந்தன. முதல் கடிதத்தின் ஓரத்தைக் கரையான் அரித்திருக்கிறது, எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் வருகிறேன் என்று ஒரு தடவைகூட எழுதவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

வாருங்கள் பாவா. அரக்கோணம் கிடைக்காவிட்டால் போகிறது, நான் நாக்பூர் வருகிறேன். எது சொன்னாலும் கேட்கிறேன். பெரியவர்கள் காலில் விழுந்தாவது அந்தப் பேச்சை மாற்றிவிடலாம். வாருங்கள்.

உங்கள்
ரஞ்சிதம்


நாக்பூர்,
24-11-74

ரஞ்சி,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. நாலு நாளும் ஆபீசுக்குப் போகவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அக்டோபர் இருபத்தேழாம் தேதி. நீ வீட்டைத் திறப்பதற்குப் பத்தொன்பது நாள் முன்னால்.

என்னோடு ஜெயிலில் இருந்த பக்தவச்சலம், சோளிங்கர்ப் பக்கத்துக்காரர், அவருடைய தங்கை. பெயர் ஜெயம்மாள். புருஷன் இறந்து மூன்று வருஷம் ஆகிறது, நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. ஸ்டிரைக்குக்குப் பிறகு அவரை வேலையில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஊருக்குப் போகும் முன் தங்கைக்கு ஒரு வழி பண்ண வேண்டுமென்று தவித்தார். உன் பார்சல் வந்த மறுவாரம் என்னைக் கேட்டார். எது நடந்தாலும் ஒன்றுதான் என்று நான் கிடந்த நேரம் அது. சரி என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதம் தள்ளிப்போட்டிருக்கலாம். உனக்கு இன்னொரு கடிதம் பதிவுத் தபாலில் போட்டிருக்கலாம். கட்டிய மனைவிக்கு எவன் பதிவுத் தபால் போடுவான் என்று இருந்துவிட்டேன்.

ஜெயம்மாள் நல்ல பெண். அதிகம் பேச மாட்டாள். குழந்தைக்கு என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, கல்யாணத்தன்று முழுக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நைனா என்று சொல்லிக்கொடுத்தேன். வேறு வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. இப்போது நான் வெளியே புறப்பட்டால் செருப்பை எடுத்து ஒளித்துவைக்கிறது.

இதையெல்லாம் உன்னிடம் எதற்குச் சொல்கிறேன்? வேறு யாரிடம் சொல்வது? நாலு வருஷமாக எல்லாவற்றையும் உன்னிடம்தான் சொல்லியிருக்கிறேன். நீயே சொல், நான் என்ன செய்ய. வா என்று ஒரு வரி எழுது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். ஊர் என்ன சொன்னாலும் சரி. இது ஆவேசத்தில் எழுதுவதில்லை. நாலு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பரந்தாமன்


திருத்தணி,
29-11-74

பாவா,

உங்கள் கடிதம் இன்று பகல் வந்தது. இன்றைக்கே எழுதி, ஐந்து மணித் தபாலில் சேர்த்துவிடப் போகிறேன். இந்த ஒரு கடிதத்துக்காவது உங்களுக்கு உடனே பதில் கிடைக்கட்டும்.

படித்ததும் வா என்று எழுதத்தான் கார்டு எடுத்தேன். எழுதியும்விட்டேன். பொய் சொல்லவில்லை, விலாசம்கூட எழுதிவிட்டேன். நீங்கள் வருவீர்கள், எனக்குத் தெரியும். அடுத்த வாரமே அரக்கோணத்தில் இறங்கிவிடுவீர்கள். எனக்கு அது வேண்டும் பாவா. உயிர் போகிற மாதிரி வேண்டும். ஜெயம்மாள் மட்டும் என்றால் அனுப்பியும் இருப்பேன். நான் அவ்வளவு நல்லவள் இல்லை. அவளுக்கு நீங்கள் ஒரு மாதத்துப் புருஷன், எனக்கு நாலு வருஷம் என்று கணக்குக் காட்டிச் சண்டை போட்டிருப்பேன்.

அந்தக் குழந்தை செருப்பை ஒளித்துவைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஏன் எழுதினீர்கள். என் நைனாவை விட்டு வரமாட்டேன் என்று உங்களை இரண்டு வருஷம் காக்க வைத்தவள் நான். நைனா நைனா என்று அடம்பிடித்து என் வாழ்க்கையையே தொலைத்தவள். இன்னொருத்தி பெண்ணிடம், உன் நைனாவை என்னிடம் அனுப்பிவிடு என்று நான் எப்படிக் கேட்பேன்? அதற்கு ஏற்கெனவே ஒரு தடவை போயிற்று. இரண்டாவது தடவையும் போனால் அது யாரை நம்பும்? கார்டைக் கிழித்துவிட்டேன்.

வர வேண்டாம்.

ஜெயம்மாளிடம் என் கடிதத்தைக் காட்டியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். காட்ட வேண்டாம். அடைப்பு, தரையில் கிடந்த கடிதம், இதெல்லாம் அவளுக்கு ஒருநாளும் தெரியக் கூடாது. தெரிந்தால் ஆயுசு முழுக்க அடுத்தவள் இடத்தில் உட்கார்ந்திருப்பதாகவே நினைப்பாள். முதல் பெண்டாட்டி எப்படி என்று கேட்டால், சரியான வாயாடி, கோபக்காரி, தாலியைக் கழற்றி பார்சலில் அனுப்பிவிட்டாள் என்று சொல்லுங்கள். நம்பும்படி கொஞ்சம் திட்டியும் சொல்லுங்கள்.

ரஞ்சிதம்